மறு: ஹிப்போகாம்பஸ் – 'நினைவகம்' வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

மூளையில் நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குத் தமிழ்ப்பெயராக 'நினைவகம்' என்று நம் குழுவில் ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. இராமேசுவரம் தீவில் ஆட்டோக்காரரிடம் 'நினைவகம்' என்றால் பேய்க்கரும்பில், கலாம் நினைவகத்து வாசலில் இறக்கிவிடுவார். கணினிக்காரர்களும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டாயிற்று. இவற்றையாவது பொறுத்துக்கொள்ளலாம். அந்த உறுப்பின் வேலையையே அந்தச் சொல் தவறாகச் சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

என் மாமனார் பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருந்தவர். இப்போது அல்சைமர் நோய். 1964 டிசம்பர் புயலைச் சிறுவனாகப் பார்த்ததை இன்றும் ஒன்றுவிடாமல் சொல்கிறார். காலையில் சாப்பிட்ட இட்லி நினைவில்லை. இந்த நோயில் முதலில் பழுதாகும் இடங்களில் ஹிப்போகாம்பஸும் ஒன்று. நினைவெல்லாம் அதற்குள்தான் இருக்கிறதென்றால் புயலும் அல்லவா மறந்திருக்க வேண்டும்?

1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக இரண்டு பக்கமும் இந்தப் பகுதியில் பெரும்பங்கை அகற்றினார்கள். அதன்பின் புதிதாக நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. இளவயது நினைவுகள் பலவும் இருந்தன. கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், ஆனால் முந்தின நாள் வரைந்ததே தெரியாது! கைப்பழக்கத்துக்குச் சிறுமூளை முதலான வேறு பகுதிகள் இருக்கின்றன. மாமனாரிடமும் கிழிந்த வலையைக் கொடுத்தால் கை தானாக முடிச்சுப் போடுகிறது.

அப்புறம், வழி அறிவதும் இந்த உறுப்பின் வேலை. ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் துடிக்கும் நரம்பணுக்களை எலியின் ஹிப்போகாம்பஸில் ஜான் ஓ'கீஃப் 1971இல் காட்டினார். 2014இல் நோபல் பரிசில் பாதி அவருக்கு. கோயில் கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் பார்த்துப் படகைத் திருப்பிய மனிதருக்கு இன்று தெருமுனைக் கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியவில்லை. 'நினைவகம்' என்ற சொல்லில் இதற்கு எங்கே இடம்?

ஆகவே வடிவத்தை வைத்துப் பெயரிடுவோம். 1587இல் இத்தாலிய உடற்கூறியலாளர் அரான்சியும் அதைத்தான் செய்தார். மூளையின் உள்ளறைத் தரையில் வளைந்து புடைத்திருந்த மேடு அவர் கண்ணுக்குக் கடற்குதிரையாகப் பட்டது, ஹிப்போகாம்பஸ் என்ற பெயரும் அப்படி வந்ததுதான். பட்டுப்புழு என்றும் சொல்லிப் பார்த்திருக்கிறார்! நம் பாக் நீரிணையில் கடற்புல்லை வாலால் சுற்றிப் பிடித்து நிற்கும் அதே கடற்குதிரைதான். 2001 முதல் பிடிக்கத் தடை. ஆனாலும் இழுவலையில் மாட்டிவிடுகிறது, கரையில் எல்லோருக்கும் அதைத் தெரியும்.

மருத்துவர் ஸ்கேனைக் காட்டி "ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருக்கு" என்றபோது மாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கடல் குதிரை மாதிரி ஒரு மேடு அத்தை, காதுக்கு உள்பக்கம், ரெண்டு பக்கமும் இருக்கு. அது வத்திப்போச்சு" என்றேன். "காஞ்ச குதிரை மாதிரியா?" என்று கேட்டார். அதற்குமேல் நான் விளக்கவில்லை.

வெறும் 'கடற்குதிரை' போதும் என்ற மதுரை நண்பருக்கு: 'கடற்குதிரை நரம்பணு' என்று எழுதிப் பாருங்கள், மீனின் நரம்பணு ஆகிவிடும். விலங்கின் பேரினப் பெயரும் ஹிப்போகாம்பஸ்தானே, குழப்பம் இரட்டிப்பாகும். 'பரிமேடு' சுருக்கமாக இருக்கிறது, ஆனால் பரிசோதனை, பரிமாணம் வரிசையில் அந்தப் 'பரி' குதிரையாகத் தெரியாது.

என் பரிந்துரை 'கடற்குதிரைமேடு'. முதல் முறை முழுதாக எழுதி, பிறகு 'குதிரைமேடு' என்று சுருக்கிக்கொள்ளலாம். குதிரைமேட்டு நரம்பணு, குதிரைமேட்டுச் சுருக்கம் என்று தடங்கலில்லாமல் ஒட்டும். முன்னால் ஒட்டியிருக்கும் அமிக்டலாவுக்கு, பயம் முதலான உணர்ச்சிகளோடு தொடர்புள்ளது அது, 'வாதுமை' சரியே. அதிலும் மூலப்பெயர் வடிவத்தால் வந்ததுதான்.

பெருமூளை, சிறுமூளை, முகுளம் மூன்றும் பாடநூலில் வேரூன்றியவை, தொட வேண்டாம். மூளையின் இன்னொரு பகுதியான தலாமஸ் பற்றித் தனி மடலில் பேசுவோம். இப்போதைக்கு ஒன்று சொல்லுங்கள்: 'கடற்குதிரைமேடு' ஒரே சொல்லாகவா, 'கடற்குதிரை மேடு' என்று பிரித்தா? சேர்த்து எழுதவே எனக்கு விருப்பம். பிரித்தால் தேடுபொறி மீனைத்தான் கொண்டுவரும்.