ஏலக்காய் ஊரில் மூக்கு போனபோது

போடியில் ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கிறேன். எங்கள் தெருவுக்குள் நுழைந்தாலே வாசனை ஆளைத் தூக்குது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள், இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 2021-ல் இரண்டாவது அலையில் கொரோனா வந்தது. காய்ச்சல் சீக்கிரமே விட்டுவிட்டது, வாசனை மட்டும் போனது போனதுதான்.

எங்கள் தொழிலுக்கு மூக்கு வேண்டும். கேரள மலையில் வண்டன்மேடு, சாந்தன்பாறை பக்கமிருந்து இறங்குகிற காயை நிறம் பார்ப்போம், 8 மி.மீ. சல்லடையில் நிற்கிறதா என்று பார்ப்போம், அப்புறம் ஒரு காயைப் பிளந்து மூக்குக்கிட்டே கொண்டுபோவோம். காயை உலர்த்துகிற ஸ்டோரில் சூடு கூடிப்போயிருந்தாலும், சரியாகக் காயாமல் பூசணம் தட்டியிருந்தாலும் அங்கே தெரிந்துவிடும். நான் பிளந்து பார்க்கிறேன், உள்ளே கருகருவென்று அரிசி (விதையை அப்படித்தான் சொல்வோம்), லேசான பிசுபிசுப்பு, எல்லாம் இருக்கிறது, வாசனை இல்லை. கடித்தால் கொஞ்சம் குளிர்ச்சி, கொஞ்சம் காரம், அவ்வளவுதான். காரமும் குளிர்ச்சியும் வேறு நரம்பு வழியாக வருகிறவை, நாக்குக்குத் தெரிந்தது உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு மாதிரி சிலதுதான், ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கு தருவது என்று டாக்டர் விளக்கினார். அதுவரை யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை.

ஒரு நாள் சாயந்திரம் அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். கொல்லையிலிருந்து மனைவி ஓடிவந்து ரெகுலேட்டரை மூடி, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டாள். காஸ் கசிந்திருக்கிறது, பக்கத்திலேயே இருந்த எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சமையல் காஸுக்கு இயல்பில் வாசனை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டான் என்கிற நாற்றமருந்தைக் கலக்கிறார்கள். அந்த நாற்றத்துக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். அன்று ராத்திரி தூக்கமே இல்லை. பக்கத்தில் படுத்திருந்த மகளின் உச்சந்தலையில் மூக்கை வைத்துப் பார்த்தேன், எண்ணெய், வியர்வை, எதுவும் வரவில்லை. கடையில் வாசனை தெரியாதது கூட என்னை அந்த அளவுக்கு ஆட்டவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கடைக்குக் காய் பொறுக்க வருகிற அக்காவிடம் மனம்விட்டுப் பேசினேன். சீசனில் விடிவதற்கு முன்னாலேயே ஜீப் ஏறி கேரளாவில் தோட்ட வேலைக்குப் போய்விடுவார். 2020 ஊரடங்கில் போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி என்று எல்லாப் பக்கமும் அடைத்தபோது கூலியில்லாமல் வீட்டில் கிடந்தவர். படுக்கும்போது அன்றைக்கு நல்லபடியாக நடந்ததையெல்லாம் வாய்விட்டுச் சொல்வாராம். "ஜீப்பு ஒழுங்கா எறங்குச்சு. அட்டை கடிக்கல. கொழாயில தண்ணி வந்துச்சு. இவ்வளவுதான் தம்பி, சொல்லிட்டுப் படுத்தா தூக்கம் வரும்." மழைநேரத்தில் அந்தக் கொண்டைஊசி வளைவுகளில் ஆட்களை அடைத்துக்கொண்டு வருகிற ஜீப்பைப் பார்த்தவர்களுக்கு அந்த முதல் வரி எவ்வளவு பெரியது என்று தெரியும்.

இருப்பதை வைத்துத் திருப்திப்படு என்று ஊருக்கு உபதேசம் பண்ணுவது எனக்குப் பிடிக்காது. இதே அக்கா கூலி பத்தவில்லை என்று கங்காணியிடம் சண்டையும் போடுவார், போடத்தான் வேண்டும். ஆனால் அவர் சொல்கிற மாதிரி நானும் ராத்திரியில் சொல்லத் தொடங்கினேன். கண் தெரிகிறது, காது கேட்கிறது, மனைவிக்கு வாசனை தெரிகிறது. வாய்விட்டுச் சொல்லும்போது மனசில் ஏதோ இளகுகிறது, அது உண்மை.

டாக்டர் சொன்னபடி ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம் நாலையும் காலையும் மாலையும் மோந்து பழகினேன். மாசக்கணக்கில் ஒன்றுமில்லை. அப்புறம் தப்புத்தப்பாக வந்தது, காபி கருகிய ரப்பர் மாதிரி நாறியது. முதலில் சரியாக வந்தது எது தெரியுமா, பஸ் ஸ்டாண்டில் டீசல் புகை! அங்கேயே நின்று இழுத்து இழுத்து மோந்தேன். ஏலக்காய் கடைசியில்தான் வந்தது, இன்னும் முழுசாக இல்லை, சாம்பிள் பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவரையும் ஒருதரம் மோந்து பார்க்கச் சொல்கிறேன்.

இன்னும் வாசனை திரும்பாதவர்கள் இருந்தால் விட்டுவிடாதீர்கள், காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். அடுப்படியில் காஸ் அலாரம் ஒன்று கட்டாயம் மாட்டுங்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும், அதனால் அலாரம் தரையை ஒட்டி இருக்கட்டும்.