உதவி: தமிழ்க் கையேட்டில் தேடல் எல்லாப் பக்கத்தையும் காட்டுகிறது, மொழிபெயர்த்த பத்தி ஆங்கிலத்துக்கே திரும்புகிறது

நொய்யல்கரை:

வணக்கமுங்க. ஜாங்கோ (பைத்தான்ல வெப் ஆப் கட்டற ஃப்ரேம்வொர்க்) மேல கட்டுன ஒரு சின்ன ஃப்ரேம்வொர்க்கோட கையேடு இது. திருப்பூர், அவினாசி பக்கம் பனியன் யூனிட்டுகளுக்கு நூல் வரவு, ஜாப் ஒர்க் டிசி (டெலிவரி சலான்), பீஸ் ரேட் கணக்குன்னு ஸ்கிரீன் எழுதித் தர்றவங்க படிக்கிறாங்க. மூலம் ஆங்கிலத்துல, ஆர்எஸ்டி ஃபைல் (குறி போட்டு எழுதற வெறும் எழுத்து ஃபைல்). அதை வெப் பக்கமா மாத்தற ஸ்பிங்க்ஸ்ல பில்ட் ஆகுது. தமிழ், மூல வரியையும் மொழிபெயர்ப்பையும் ஜோடியா வெக்கிற பிஓ ஃபைல்ல இருக்கு. மூணு இடத்துல இடிக்குது.

ஒண்ணு, தமிழ்ப் பக்கத்துத் தேடல்ல "நூல்"னு போட்டா கிட்டத்தட்ட மொத்தக் கையேடும் வந்து நிக்குது. ஆங்கிலச் சொல் போட்டா ஒழுங்கா வருது.

ரெண்டு, ஆங்கில மூலத்துல கொஞ்சம் கை வெச்சு, பிஓ ஃபைலைப் புதுப்பிக்க ஸ்பிங்க்ஸ்-இன்ட்ல் அப்டேட் ஓட்டினா, ஏற்கெனவே தமிழாக்கின சில பத்தி பக்கத்துல ஆங்கிலமா வருது. பிஓ ஃபைலைத் திறந்தா தமிழ் அப்படியே உட்கார்ந்திருக்கு!

மூணு, நிறுவல் பக்கத்துல 4-வது படியோட எல்லாரும் நின்னுடறாங்க. "ஜாங்கோங்கற மாட்யூல் இல்லை"ன்னு பிழை. அத்தனை பேரும் விண்டோஸ். படிகள் இவ்வளவுதான் (வென்வ்னா ப்ராஜெக்ட்டுக்குன்னு தனி பைத்தான் சூழல், பிப்னா பேக்கேஜ் நிறுவற கருவி): 1. வென்வ் உருவாக்கவும். 2. ஆக்டிவேட் செய்யவும். 3. பிப் மூலம் நிறுவவும். 4. சர்வரை ஓட்டவும். இதுல என்ன தப்புன்னு தெரியலைங்க.

பில்ட் ஓடும்போது நாப்பது அம்பது எச்சரிக்கை வருது. பக்கம் வந்துடறதால அதைக் கண்டுக்கறதில்லை.

பீளமேடு_பாம்பு:

ரெண்டாவதுல இருந்து ஆரம்பிக்கிறேன், அது சுலபம். அந்தப் பத்திகளுக்கு மேல பிஓ ஃபைல்ல "ஃபஸ்ஸி"ன்னு ஒரு குறி விழுந்திருக்கும், பாருங்க. மூல வாக்கியம் லேசா மாறினா, பழைய தமிழைத் தூக்கி எறியாம பக்கத்துல வெச்சு "இது பொருந்துதான்னு ஒரு ஆள் பாக்கணும்"னு அடையாளம் போடுது. பாத்து முடிக்கிற வரைக்கும் ஸ்பிங்க்ஸ் அந்தத் தமிழை எடுக்காது, ஆங்கிலத்தைத்தான் காட்டும். படிச்சுப் பாத்து, திருத்தி, அந்தக் குறியை அழிச்சுட்டு மறுபடி பில்ட் பண்ணுங்க.

ஃபஸ்ஸியையும் ஏத்துக்கன்னு சொல்ல ஸ்பிங்க்ஸ் அமைப்பு எழுதற கான்ஃப் ஃபைல்ல ஒரு அமைப்பு உண்டு, ஸ்பிங்க்ஸ் 4.3 பதிப்புல வந்தது. வெளியிடற கையேட்டுல அதைப் போடாதீங்க. மூலத்துல போர்ட் எண்ணை 8000-ல இருந்து 8080-ன்னு மாத்தியிருப்பீங்க, தமிழ்ல 8000-ன்னே ஓடிட்டிருக்கும். ஆங்கிலம் தெரியறதை விட அது மோசம்.

இன்னொண்ணு. கெட்டெக்ஸ்ட் (பிஓ-வுக்கு மூல வரிகளை உருவற பகுதி) ஒரு பத்தியை ஒரே பதிவாத்தான் எடுக்கும். எட்டு வரிப் பத்தியில ஒரு காற்புள்ளி மாறினாலும் எட்டு வரியும் ஃபஸ்ஸி. மூலத்துல பத்தியை ரெண்டு மூணு வாக்கியத்துக்கு உடைச்சு வெச்சீங்கன்னா பாதிச் சள்ளை குறையும். ஸ்பிங்க்ஸ் 7.1-க்கு மேல இருந்தா, தமிழாகாத பத்திக்குத் தனி சிஎஸ்எஸ் கிளாஸ் போட வைக்கலாம். அதுக்கு வெளிர் மஞ்சள் பின்னணி கொடுத்துட்டா எது பாக்கின்னு பக்கத்துலயே தெரியும்.

சென்னிமலை_தறி:

எச்சரிக்கையைக் கண்டுக்கறதில்லைன்னீங்களே, அதுல ஒண்ணு ரெண்டு இங்க ஒட்டுங்க.

நொய்யல்கரை:

பெரும்பாலும் ஒரே மாதிரிதானுங்ணா. "இன்லைன் லிட்ரலுக்கு ஆரம்பக் குறி இருக்கு, முடிவுக் குறி இல்லை"ன்னு. ஆனா முடிவுக் குறி இருக்கே! வாக்கியம் இது:

``வியூஸ்``இல் புதிய செயல்கூறு சேர்க்கவும்.

சென்னிமலை_தறி:

நினைச்சேன். தமிழ்ல ஆர்எஸ்டி எழுதறவங்க எல்லாரும் விழற குழி இது. இன்லைன் லிட்ரல்னா, நிரல் சொல்லை ரெண்டு ரெண்டு பேக்டிக் குறிக்குள்ள வெக்கிறது. அதோட முடிவுக் குறிக்கு அடுத்து இடைவெளியோ நிறுத்தக்குறியோ இருந்தாத்தான் ஆர்எஸ்டி அதை முடிவுன்னே ஒத்துக்கும். ஆங்கிலத்துல "இன்" தனிச் சொல்லா முன்னாடி நிக்கும், பிரச்சினை வராது. நமக்கு வேற்றுமை உருபு ஒட்டிக்கிட்டே வருமே. உங்க வாக்கியத்துல குறி முடிஞ்ச கையோட "இ" வந்துட்டதால, முடிவே இல்லைன்னு நினைச்சுக்குது.

மூணு வழி இருக்கு. ஒண்ணு, நடுவுல ஒரு சிறுகோடு: ``வியூஸ்``-இல். கோடு நிறுத்தக்குறிக் கணக்குல வர்றதால ஏத்துக்கும். கோடு பிடிக்கலைன்னா, குறி முடிஞ்சதும் ஒரு பேக்ஸ்லாஷும் ஒரு இடைவெளியும். பக்கத்துல ரெண்டுமே தெரியாது, உருபு ஒட்டியே வரும். ஆனா பிஓ ஃபைலுக்குள்ள அந்த பேக்ஸ்லாஷை ரெட்டையா எழுதணும், ஒத்தையா விட்டா பிஓ-வே அதை வேற அர்த்தத்துல எடுத்துக்கும். மூணாவது, "வியூஸ் ஃபைலில்"னு ஒரு பொதுச்சொல் சேத்து உருபை அதுமேல ஏத்தறது. எனக்கு மூணாவதுதான் பிடிக்கும். படிக்கவும் நல்லா இருக்கும், குறியும் தப்பிக்கும்.

எல்லாம் திருத்தினதும் பில்ட் கட்டளையில பெரிய டபிள்யூ கொடியைப் போட்டுடுங்க, எச்சரிக்கை எல்லாம் பிழையாயிடும். கூடவே கீப்-கோயிங் கொடியும் வேணும். பழைய பதிப்புல அது இல்லாட்டி முதல் பிழையிலயே நின்னுரும், நாப்பதையும் ஒவ்வொண்ணாத்தான் பாக்கணும்.

பவானி_ஜமுக்காளம்:

தேடலுக்கு வர்றேன். ஸ்பிங்க்ஸ் தேடல்ல தமிழுக்குன்னு பகுதி கிடையாது. மொழி "டிஏ"ன்னு (தமிழோட குறியீடு) கொடுத்தாலும் உள்ள ஆங்கில விதிதான் ஓடும். அந்த விதி சொல்லைப் பிரிக்கறது பைத்தானோட "பேக்ஸ்லாஷ் டபிள்யூ"வை வெச்சு. அது எழுத்து, எண், அடிக்கோடு மூணைத்தான் சொல்லோட பகுதின்னு எடுத்துக்கும். நம்ம புள்ளியும் துணைக்கால், கொம்பு, சுழியும் யூனிகோடுல எழுத்து இல்லை, ஒட்டுக்குறி. அதனால அங்கங்க வெட்டிடும்.

"நூல்" யூனிகோடுல நாலு குறியீடு: ந, ஊகாரக் குறி, ல, புள்ளி. குறி ரெண்டும் போச்சுன்னா மிச்சம் "ந", "ல"ன்னு ரெண்டு ஒத்தை எழுத்து. "எல்லா"வை வெட்டினா "எல", "ல". "நாம்" வெட்டினா "ந", "ம". பிரவுசர்ல தேடற பக்கமும் இதே மாதிரிதான் வெட்டும். அப்ப "ந"வும் "ல"வும் இருக்கற பக்கமெல்லாம் கொண்டா-ன்னு கேக்கறீங்க. அது இல்லாத தமிழ்ப் பக்கம் எது?

சரிபண்ண, ஸ்பிங்க்ஸோட சர்ச்-லேங்குவேஜ் கிளாஸை நீட்டி ஒரு தமிழ் கிளாஸ் எழுதுங்க. அதுல ஸ்ப்ளிட் செயல்கூறை மாத்தணும்: தமிழ்த் தொகுதி, அதாவது யூனிகோடுல பதின்ம எண்படி 2944 முதல் 3071 வரைக்கும் தொடர்ச்சியா வர்றதெல்லாம் ஒரே சொல், இல்லாட்டி பழைய விதி. கான்ஃப் ஃபைலோட செட்டப் செயல்கூறுல ஆட்-சர்ச்-லேங்குவேஜ் மூலமா பதிவு பண்ணிக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்துக்கும் அதே விதியைக் கொடுக்கறதுக்கு அந்த கிளாஸ்லயே இடம் இருக்கு. அதை மறந்தா, பதிவுல முழுச்சொல் இருக்கும், தேடறது துண்டு துண்டா போகும், முன்னாடி எல்லாம் வந்தது போக இப்ப ஒண்ணுமே வராது. பல பேர் இங்கதான் கைவிடறாங்க.

நொய்யல்கரை:

நூலை, நூலுக்கு, நூலில்னு வர்றதெல்லாம் "நூல்"னு தேடினா கிடைக்குமுங்களா?

பவானி_ஜமுக்காளம்:

கிடைக்காது. எல்லாம் தனித்தனிச் சொல். உருபைக் கழிக்க ஸ்டெம் செயல்கூறும் எழுதலாம்தான், ஆனா படிவம், படிவத்தைன்னு வரும்போது மகரம் தகரமா மாறும், விதி நீண்டுக்கிட்டே போகும். சின்னக் கையேட்டுக்கு அவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை. தலைப்புல உருபு ஏறாத சொல்லை வைங்க. "நூலைப் பதிவு செய்தல்" வேண்டாம், "நூல் வரவு: பதிவு செய்யும் முறை"ன்னு இருக்கட்டும். தலைப்புச் சொல்லுக்குத் தேடல்ல எடையும் கூடுதல்.

பீளமேடு_பாம்பு:

மூணாவது பிரச்சினை 4-வது படியில இல்லீங்க, 2-வதுல இருக்கு. விண்டோஸ் பவர்ஷெல்ல ஸ்கிரிப்ட் ஓட்ட முன்னிருப்பாவே தடை. ஆக்டிவேட் பண்ணினா செவப்பா ஒரு செய்தி வரும். புதுசா படிக்கறவங்க அதை எச்சரிக்கைன்னு நினைச்சுத் தாண்டிடுவாங்க. பிப் மூலமா நிறுவினது கணினியோட பொது பைத்தானுக்குப் போயிடும். பல பேர் கணினியில ரெண்டு மூணு பைத்தான் கிடக்கும். பிப் ஒண்ணுல போட, சர்வர் இன்னொண்ணுல ஓடினா, மாட்யூல் இல்லைன்னுதானே சொல்லும்?

ஆக்டிவேட்டையே தூக்கிடுங்க. வென்வ் ஃபோல்டருக்குள்ள ஸ்கிரிப்ட்ஸ், அதுக்குள்ள பைத்தான். அந்த முழுப் பாதையைக் கொடுத்தே பிப் நிறுவலையும் சர்வரையும் ஓட்டச் சொல்லுங்க. தடை அங்க வேலை செய்யாது. ஆக்டிவேட் இருந்தே ஆகணும்னா கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறக்கச் சொல்லுங்க.

அதோட, உங்க படியில "என்ன பண்ணணும்" இருக்கு, "பண்ணினா என்ன தெரியணும்" இல்லை. ஆக்டிவேட்டை வெச்சுக்கறதா இருந்தா, படியை இப்படி எழுதிப் பாருங்க:

"2. ஆக்டிவேட் செய்யவும். வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வென்வ் என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் 3-க்குப் போக வேண்டாம். கீழே 'சிவப்புச் செய்தி வந்தால்' பார்க்கவும்."

ஒவ்வொரு படிக்கும் இது வேணும். சர்வர் ஓட்டின பிறகு "அப்படி ஒரு டேபிள் இல்லை"ன்னு வந்தா மைக்ரேட் (டேட்டாபேஸ்ல டேபிளை உருவாக்கற கட்டளை) விட்டுப்போச்சு. பக்கத்து மெஷின்ல இருந்து திறந்தா வராது, ஏன்னா ஜாங்கோவோட சோதனை சர்வரான ரன்சர்வர் சொந்த மெஷினுக்கு மட்டுந்தான் காது கொடுக்கும். 0.0.0.0:8000-ன்னு கொடுத்துட்டு, அலவ்டு ஹோஸ்ட்ஸ்ல (எந்த முகவரிக்கு வந்தா ஏத்துக்கணும்ங்கற பட்டியல்) சர்வர் ஓடற மெஷினோட ஐபியையும் சேத்தாகணும். செக்கிங் டேபிள்ல டேப்லெட் வெச்சிருக்கற யூனிட்ல முதல் நாளே இந்தக் கேள்வி வரும். இது சோதனைக்கு மட்டும்னும் அங்கயே எழுதிடுங்க, ரன்சர்வரை அப்படியே வருசக்கணக்கா ஓட்டறவங்க இருக்காங்க.

சென்னிமலை_தறி:

ஒரு ஒட்டு. எடுத்துக்காட்டு நிரலைக் கையேட்டுல தட்டச்சு பண்ணாதீங்க. ஓடுற ப்ராஜெக்ட்டுல ஃபைலா வெச்சு, லிட்ரல்-இன்க்ளூட் மூலமா இழுங்க. சோதனை அந்த ஃபைல் மேல ஓடட்டும். நூல் எடைக்கு ஃப்ளோட் (தசமத்தைத் தோராயமா வெக்கிற எண் வகை) போட்டிருக்கீங்கன்னா, துல்லியமா வெக்கிற டெசிமலா மாத்திடுங்க, மூணு தசம இடத்தோட. பை எடையைக் கூட்டும்போது கிராம் கணக்கு ஒதைச்சா கணக்குப்பிள்ளை கையேட்டைத்தான் திட்டுவார்.

நொய்யல்கரை:

ஃபஸ்ஸி சரியாச்சுங்க, 31 பதிவு இருந்தது. உருபுக் குழியும் அடைச்சாச்சு. தமிழ் கிளாஸ் போட்டும் தேடல் பழைய மாதிரியே வருது. ஜாவாஸ்கிரிப்ட் விதியும் கொடுத்திருக்கேன்.

பவானி_ஜமுக்காளம்:

பில்ட் ஃபோல்டரை முழுசா அழிச்சுட்டு மறுபடி ஓட்டுங்க. மாறாத பக்கத்தை ஸ்பிங்க்ஸ் திரும்பப் படிக்காது, பழைய பதிவையே வெச்சுக்கும். அப்புறம் பிரவுசர்ல கன்ட்ரோல்-எஃப்5. தேடல் பதிவு ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்தான், கேஷ்ல பழசு இருக்கும்.

நொய்யல்கரை:

"நூல்" போட்டா இப்ப 6 பக்கம். நன்றிங்க. நிறுவல் பக்கத்தை இன்னிக்கு ராத்திரி மாத்தறேன்.