மறு: பாய்மரப் படகு எஞ்சினின் புகைவழி – 'வாட்டர்லாக்' என்பதற்குத் தமிழ்ச்சொல்

> 'நீர்ப்பூட்டு' என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிதாக இருக்கிறது.

அன்புள்ள ஐயா,

எளிதுதான். ஆனால் வாட்டர்லாக் என்பது எஞ்சினின் புகைக்குழாயில் இருக்கும் ஒரு பெட்டி; அது எதையும் பூட்டுவதில்லை. தவிர, நீர்ப்பூட்டு என்றதும் கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் மதகுதான் நினைவுக்கு வரும். படகு பற்றிய கையேட்டில் அந்தக் குழப்பம் வேண்டாம்.

பெட்டியின் வேலையைப் பாருங்கள். எஞ்சினைக் குளிர்வித்து வரும் கடல்நீர், ஒரு வளைவில் சூடான புகையோடு கலக்கிறது. புகை அங்கேயே ஆறிவிடுவதால்தான் அதற்கு அப்பால் ரப்பர்க் குழாய் போட முடிகிறது. நீரும் புகையும் சேர்ந்து பெட்டிக்குள் இறங்குகின்றன. புகையின் அழுத்தம் நீரை மேலேறும் குழாய் வழியாகத் தள்ளி, படகின் பின்புறம் வெளியே கொட்டுகிறது. எஞ்சினை நிறுத்தியதும் குழாயின் உச்சியைத் தாண்டாத நீர் எல்லாம் திரும்பி ஓடிவரும். பெட்டி அதை வாங்கி வைத்துக்கொள்ளாவிட்டால் நீர் எஞ்சினுக்குள் ஏறி, வால்வும் சிலிண்டரும் துருப்பிடித்துவிடும்.

விழுவதைத் தாங்கி வாங்குவதற்கு நம்மிடம் 'ஏந்துதல்' இருக்கிறது. ஆகவே என் பரிந்துரை: நீரேந்தி. பட்டறையில் சைலன்சர் என்றே பழகியவர்களுக்காக, முதல் இடத்தில் மட்டும் 'நீரேந்தி சைலன்சர்' என்று எழுதலாம்.

இந்தச் சொல்லை வைத்தால் பராமரிப்புக் குறிப்புகளும் தாமாகவே விளங்கும். "குழாயிலிருந்து திரும்பும் நீர் முழுவதையும் கொள்ளும் அளவுக்கு நீரேந்தி பெரிதாக இருக்க வேண்டும்" என்றால், பெட்டியை மாற்றுகிறவருக்கு எதை அளக்க வேண்டும் என்று தெரியும். எஞ்சின் பிடிக்காமல் ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுற்றினால் பம்பு நீரை அனுப்பிக்கொண்டே இருக்கும், தள்ளுவதற்குப் புகை இருக்காது, நீரேந்தி நிரம்பிவிடும். அப்போது கடல்நீர் வால்வை மூட வேண்டும். எஞ்சின் பிடித்த உடனே திறந்தாக வேண்டும், இல்லையேல் பம்பினுள் சுழலும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லர் காய்ந்து கிழியும். 'பூட்டு' என்று படித்தவருக்கு அது நிரம்பி வழியும் என்று தோன்றுமா?

> மிக்சிங் எல்போவுக்குக் 'கலவை முழங்கை'.

கலவை என்பது கலந்து முடிந்த பொருள். இங்கே, நீரும் புகையும் சேரும் அந்த வளைவில், நடப்பது கலத்தல். 'கலப்பு வளைவு' போதும்.

கையேட்டில் மிகுதியாகப் பக்கம் ஒதுக்க வேண்டிய உறுப்பும் இதுதான். யான்மார் 2ஜிஎம்20 போன்ற சிறு டீசல் எஞ்சின்களில் வார்ப்பிரும்புக் கலப்பு வளைவு கரியாலும் துருவாலும் உள்ளுக்குள் குறுகிக்கொண்டே வரும். பேட்டரி ஏற்றுவதற்காகச் சுமையின்றி மெதுவாக ஓட்டுகிறவர்களின் படகில் கரி இன்னும் விரைவாகப் படியும். கரும்புகை, முழு வேகத்தை எட்டாமை, சூடேறுதல் எல்லாம் அதன்பின் வரும். குழாயைக் கழற்றி உள்ளே பார்ப்பதே சோதனை. துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றுவது நல்லதுதான். ஆனால் சூடான உப்புநீர் அதன் பற்றவைப்புகளையும் அரிக்கும் என்பதால் இந்தச் சோதனையை விட முடியாது.

எஞ்சின் நின்றபின் கடல்நீர் தானாக உறிஞ்சப்பட்டு உள்ளே வழியாமல் தடுக்கும் 'சைஃபன் தடுப்பு வால்வு' அப்படியே இருக்கட்டும். கலப்பு வளைவு நீர்மட்டத்துக்குக் கீழேயோ அதை ஒட்டியோ இருக்கும் படகுகளில் அது கட்டாயம் என்பதையும், உப்பு படிந்து ஒட்டிக்கொண்டால் பயனில்லை என்பதையும் விளக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

நீரேந்திக்குப் பின் குழாய் மேலெழுந்து கவிழும் அந்த உச்சிக்கு இன்னும் சொல் அமையவில்லை. துறைமுகப் பட்டறைகளில் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். நான் புதிதாக ஒன்று ஆக்குவதைவிட அதையே சேர்க்க விரும்புகிறேன்.