படகுப் பெட்டி லேப்டாப்பில் பென்டிரைவாகத் தெரிவது சரியா?

உப்புக்காற்று (பாம்பன்)

பாம்பனில் படகு எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்க்கிறவன் நான். ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், விஎச்எஃப், உப்பு தின்ற வயர் எல்லாம் என்னிடம்தான் வரும். தடைக்காலத்தில் (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாளும் விசைப்படகு கரையில்தான்) கை சும்மா இருக்காமல் ஒரு பெட்டி செய்தேன். ஜிபிஎஸ் அனுப்பும் என்எம்இஏ வரிகளை (இடமும் நேரமும் இருக்கும் எழுத்து வரிகள்) வாங்கி எழுதி வைக்கும், அவ்வளவுதான் வேலை. படகு எங்கே போனது, எல்லைக்கு இந்தப்பக்கம் நின்றதா அந்தப்பக்கம் நின்றதா என்று நாளை யாராவது கேட்டால் காட்ட ஒன்று கையில் வேண்டும் என்று சம்மாட்டிகள் (படகு முதலாளிகள்) ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள்.

உள்ளே ஒரு சின்ன லினக்ஸ் போர்டு. கரைக்கு வந்து கேபிளைச் செருகினால் பெட்டியே பென்டிரைவ் மாதிரி தெரியும். கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) இருக்கும் மாஸ் ஸ்டோரேஜ் கேஜெட்டை (பெட்டியைப் பென்டிரைவாகக் காட்டும் பகுதி) எடுத்து, லாக் எழுதும் பார்ட்டிஷனையே அதற்குக் கொடுத்துவிட்டேன். ஐந்து படகில் மாட்டினேன். மூன்றாவது வாரம் ஒரு படகின் பெட்டியைச் செருகியதும் லேப்டாப் 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்டது, செருகிய பையனும் 'ஆம்' என்று அழுத்திவிட்டான். பதினெட்டு நாள் தடம் போனது. சம்மாட்டி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

கேள்வி இதுதான்: கெர்னலின் கேஜெட் ஆதரவு இந்த மாதிரி வேலைக்கு நம்பத்தக்கதா, இல்லை நான் வேறு வழிக்குப் போக வேண்டுமா?

தொண்டிமுனை

வேறு வழிக்குப் போங்கள் அண்ணே. நொடிக்கு ஒரு முறை வரும் நாலு வரியை எழுதி வைக்க ஒரு முழு கெர்னலா? எறும்பை அடிக்க உலக்கை. ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு ஃபிளாஷ் சிப், டைனியூஎஸ்பி நூலகம் (சின்ன சிப்பை யூஎஸ்பி பேச வைக்கும் நிரல்), முடிந்தது. கரன்ட் கொடுத்த அரை நொடியில் எழுந்து நிற்கும். உங்கள் போர்டு எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று நேர்மையாகச் சொல்லுங்கள். எஞ்சினை அணைக்கும்போது பாதி எழுத்தில் கரன்ட் போனால் லினக்ஸ் கார்டு என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கீழக்கரை_காக்கா

தம்பிகளா, இரண்டு வேறு விஷயத்தை ஒரே சட்டியில் போட்டு வதக்குகிறீர்கள்.

முதலில் நோயைப் பார்ப்போம். யூஎஸ்பியில் ஒரு பக்கம் ஹோஸ்ட், மறுபக்கம் டிவைஸ். பேச்சைத் தொடங்குவது எப்போதும் ஹோஸ்ட்தான், கேட்டால் மட்டும் பதில் சொல்வது டிவைஸ். லேப்டாப்பில் ஓடுவது விண்டோஸோ லினக்ஸோ, அது ஹோஸ்ட் வேலையைப் பார்க்கிறது. நம் பெட்டிக்குள் இருக்கும் லினக்ஸ் டிவைஸாக நடிக்க வேண்டும். அதற்கான சட்டகம்தான் கேஜெட். டேவிட் பிரவுனெல் எழுதியது, 2003 வாக்கில் கெர்னலுக்குள் வந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக ஓடுகிற சரக்கு. உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனைக் கம்ப்யூட்டரில் செருகும்போது அந்தப் பக்கம் பதில் சொல்வதும் இதுதான். ஆக நம்பலாமா என்ற கேள்விக்கு இடமில்லை.

தப்பு எங்கே என்றால், மாஸ் ஸ்டோரேஜ் என்பது ஃபைல் கொடுப்பதில்லை. அது கொடுப்பது வெறும் பிளாக். 'ஆயிரத்து இருநூறாவது பிளாக்கைப் படி, அதில் இதை எழுது' என்ற மட்டத்தில்தான் பேச்சு. அந்த பிளாக்குகளின் மேல் ஃபேட் என்ற கணக்குப் புத்தகத்தை நடத்துவது லேப்டாப். அதே நேரத்தில் பெட்டிக்குள் உங்கள் லாக்கரும் அதே ஃபேட்டை மவுன்ட் செய்து எழுதிக்கொண்டிருக்கிறது. ஒரே கணக்கு நோட்டு, இரண்டு கணக்கப்பிள்ளை, ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது. ஃபார்மேட் கேட்காமல் வேறு என்ன கேட்கும்? ஆண்ட்ராய்டிலும் முதலில் மாஸ் ஸ்டோரேஜ்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் செருகி ஸ்டோரேஜை இயக்கினால் போனுக்குள் கார்டு காணாமல் போகும், ஞாபகம் இருக்கிறதா? ஒரு நேரத்தில் ஒருவர்தான் வைத்திருக்கலாம் என்பதால் அப்படிச் செய்தார்கள். 2011ல் 3.0 பதிப்போடு, பிளாக்காக இல்லாமல் ஃபைலாகக் கேட்டு வாங்கும் எம்டிபிக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொண்டித் தம்பிக்கு ஒன்று: நீ சொல்லும் டைனியூஎஸ்பியில் மாஸ் ஸ்டோரேஜ் போட்டு, அடியில் ஃபிளாஷில் எழுதிக்கொண்டே இருந்தாலும் இதே கதைதான். கெர்னலை மாற்றினால் கணக்கப்பிள்ளைகள் ஒருவராக ஆகிவிட மாட்டார்கள்.

தொண்டிமுனை

காக்கா, அதை ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் நான் மாஸ் ஸ்டோரேஜே போட மாட்டேன், சீரியல் போர்ட்டாகக் காட்டுவேன். சிடிசி ஏசிஎம் என்பது அதற்கான யூஎஸ்பி முறை. விண்டோஸ் 10லிருந்து தனி டிரைவர்கூட வேண்டாம். ஒரு சின்ன நிரல் 'கொடு' என்று கேட்கும், பெட்டி கொடுக்கும், நோட்டு எப்போதும் பெட்டியிடம்தான்.

வேகம் போதாது என்று யாராவது வருவதற்கு முன் கணக்கையும் போட்டுவிடுகிறேன். என்எம்இஏ 0183 ஓடுவது 4800 பாடில். ஒரு எழுத்துக்கு 10 பிட், அதாவது நொடிக்கு அதிகபட்சம் 480 எழுத்து. 12 மணி நேரம் கடலில் இருந்தால் 43,200 நொடி. பெருக்கினால் 2 கோடியே 7 லட்சம் எழுத்து, சுமார் 20 எம்பி. கம்பி நிறைய ஓடினால்கூட இவ்வளவுதான். மைக்ரோகன்ட்ரோலரின் ஃபுல் ஸ்பீடு 12 மெகாபிட். நடைமுறையில் நொடிக்கு 1 எம்பி பக்கம். இருபது, இருபத்தைந்து நொடி. ஹை ஸ்பீடின் 480 மெகாபிட் எல்லாம் இந்தக் கடற்கரைக்கு எதற்கு?

கடைக்காரன்77 (ராமேஸ்வரம்)

அந்தப் பையன் என் கடைப் பையன்தான். திட்ட வேண்டாம், திரையில் கேள்வி வந்தால் 'ஆம்' அழுத்துவதுதான் உலக வழக்கம்.

என் பக்கத்தைச் சொல்கிறேன். என்னிடம் இருப்பது பழைய விண்டோஸ் லேப்டாப். அதில்தான் ஏலச்சீட்டு, பில், ஜெராக்ஸ் எல்லாம். 'சின்ன நிரல்' என்கிறீர்களே, அதை யார் போடுவது, நாளைக்கு அது ஓடாவிட்டால் யார் வருவது? படகுக்காரர் காலை நாலு மணிக்கு வந்து நிற்பார். பென்டிரைவ் என்றால் திறப்பேன், இழுத்துப் போடுவேன். வேறு எதுவும் என்னால் ஆகாது.

கீழக்கரை_காக்கா

இவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நானும் முதலில் வேறு யோசனையில் இருந்தேன். ஃபங்ஷன்எஃப்எஸ் என்று ஒன்று 2010லிருந்து கெர்னலில் இருக்கிறது. நம் சொந்த நிரலே எண்ட்பாயிண்டுகளை (யூஎஸ்பியில் தகவல் போய்வரும் வாசல்கள்) ஃபைல் மாதிரித் திறந்து படித்து எழுதலாம், கெர்னல் கோடு ஒரு வரி எழுத வேண்டாம். எம்டிபியை அதன் மேல் வைத்தால் ஃபைல் அளவில் பேச்சு நடக்கும், நோட்டுச் சண்டை வராது. ஆனால் அந்த நிரல் விழுந்தால் கேஜெட்டும் போய்விடும், அதைக் காவல் காக்க இன்னொன்று வேண்டும். ஐந்து படகுக்கு இது அதிகம்.

யாராவது நெட்வொர்க் கேஜெட் (பெட்டியை நெட்வொர்க் கார்டாகக் காட்டுவது) பற்றிச் சொல்வதற்கு முன்: அதில் ஆர்என்டிஐஎஸ் என்ற பழைய முறையின் பக்கம் போக வேண்டாம். 2022ல் கெர்னலின் யூஎஸ்பி பகுதியைப் பராமரிக்கும் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் பாதுகாப்புக் காரணம் சொல்லி அதை முடக்கவே முன்மொழிந்தார். இன்னொரு முறையான என்சிஎம் நல்லது, விண்டோஸ் 11ல் தானாக ஏறும், ஆனால் கடைக்காரரிடம் இருப்பது பழைய லேப்டாப்.

நாட்டுப்படகு

நீங்கள் எல்லாம் லேப்டாப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அப்பா முப்பது வருஷமாக மன்னார் வளைகுடாவில் வள்ளம் ஓட்டுகிறார். எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டு) எந்த மாசம் என்ன கிடைக்கும் என்பதைச் சொந்தத் தம்பியிடம்கூடச் சொல்ல மாட்டார். படகு நின்ற இடம்தான் பாயிண்ட். அந்தத் தடத்தை அப்படியே கடை லேப்டாப்பில் இழுத்துப் போட்டால் மறுநாள் அந்த இடத்தில் பத்து வள்ளம் நிற்கும்.

கடைக்காரன்77 (ராமேஸ்வரம்)

என்னைத் திருடன் என்கிறீர்களா?

நாட்டுப்படகு

உங்களைச் சொல்லவில்லை அண்ணே. உங்கள் லேப்டாப்பைச் சொல்கிறேன். கடைக்கு யார் யார் வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

சாயல்குடி2

கேபிளே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே? உப்புக் காற்றில் யூஎஸ்பி சாக்கெட் ஆறு மாசம் தாங்குமா? பச்சைக் களிம்பு பிடித்து நிற்கும். வைஃபை வைத்துப் பெட்டியை மூடி சீல் செய்துவிடுங்கள், வேலை முடிந்தது.

உப்புக்காற்று (பாம்பன்)

களிம்பு உண்மைதான், ரப்பர் மூடி போட்டு கிரீஸ் தடவித்தான் வைத்திருக்கிறேன், அப்படியும் ஒன்று போய்விட்டது. ஆனால் ஜெட்டியில் நாற்பது படகு ஒட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் வைஃபை திறந்து வைத்தால் நாட்டுப்படகுத் தம்பியின் கவலை இரண்டு மடங்காகிவிடும். கேபிள் என்றால் கையில் பிடித்தவனுக்கு மட்டும்தான் போகும்.

காக்கா, ஒரு யோசனை. லேப்டாப்புக்கு மட்டும் அல்ல, படகுக்காரரின் சொந்த போனிலேயே ஓடிஜி கேபிள் போட்டுச் செருகினால் போன் ஹோஸ்ட் ஆகிவிடுமே? பென்டிரைவாகத் தெரிந்தால் போனும் திறக்கும். சீரியல் போர்ட் என்றால் போனில் அதற்கு ஒரு ஆப் தேடி அலைய வேண்டும்.

கீழக்கரை_காக்கா

ஆகும். இதை நான் யோசிக்கவில்லை. அப்படியானால் மாஸ் ஸ்டோரேஜையே வைத்துக்கொள், ஆனால் இப்படிச் செய். லாக்கர் எழுதுவது எக்ஸ்ட்4 (லினக்ஸின் சொந்தக் கணக்குப் புத்தகம்) பார்ட்டிஷனில், அதை யாருக்கும் காட்டாதே. கேபிள் வந்ததும் அன்றைய தடத்தின் நகலை ஒரு சின்ன ஃபேட் இமேஜ் ஃபைலாகக் கட்டு, அதைக் கேஜெட்டுக்குக் கொடு, படிக்க மட்டும் என்ற கொடியைப் போடு. மூலம் பெட்டியிடம், நகல் வெளியே. இரண்டு கணக்கப்பிள்ளைக்கும் இரண்டு நோட்டு.

இதற்கு 2013ல் வந்த கான்ஃபிக்எஃப்எஸ் வழிதான் (கேஜெட்டை டைரக்டரி, ஃபைல் மூலமாகவே அமைப்பது) சரி, பழைய ஜி_மாஸ்_ஸ்டோரேஜ் மாட்யூலை ஏற்றிவிட்டு இருக்காதே. கான்ஃபிக்எஃப்எஸ்ஸில் டைரக்டரி உருவாக்கி, ஃபங்ஷனை (மாஸ் ஸ்டோரேஜ் மாதிரி ஒரு வேலை) லிங்க் செய்து, கடைசியில் யூஎஸ்பி கன்ட்ரோலரின் பெயரை யூடிசி என்ற ஃபைலில் எழுதும் வரைக்கும் மறுபக்கத்துக்கு நீ இருப்பதே தெரியாது. இமேஜ் கட்டி முடித்த பிறகு எழுது. 20 எம்பி கட்டுவதற்குள் ஒரு டீகூட ஆறாது.

தொண்டிமுனை

கேபிள் வந்ததும் என்கிறீர்களே, கேபிள் வந்தது பெட்டிக்கு எப்படித் தெரியும்? படகு பேட்டரியில் ஓடும் பெட்டி அது, யூஎஸ்பி கரன்டில் அல்ல. நிறைய மலிவு போர்டில் விபஸ் (கேபிளில் வரும் 5 வோல்ட்) கண்டுபிடிக்கும் கம்பியே கிடையாது, பிடுங்கினாலும் தெரியாது.

உப்புக்காற்று (பாம்பன்)

என் போர்டும் அந்த ரகம்தான். சாக்கெட்டின் 5 வோல்ட்டும் போர்டின் 5 வோல்ட்டும் ஒரே கம்பி. அதாவது இத்தனை நாளாகப் படகு பேட்டரி கடைக்காரர் லேப்டாப்பின் போர்ட்டுக்குள் கரன்ட் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது, இப்போதுதான் உறைக்கிறது. சிவப்பு வயரைப் போர்டிலிருந்து வெட்டிவிட்டு, இரண்டு ரெசிஸ்டர் போட்டு 3.3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கி ஒரு ஜிபிஐஓ பின்னில் (நிரல் படிக்கக்கூடிய போர்டின் பின்) கொடுக்கிறேன். அந்தப் பின் உயர்ந்தால் இமேஜ் கட்டு, யூடிசியில் எழுது; விழுந்தால் யூடிசியைக் காலி செய்.

கடைக்காரன்77 (ராமேஸ்வரம்)

என் லேப்டாப்பில் ஒரு போர்ட் வேலை செய்யவில்லை என்று போன மாசமே சொன்னேனே.

உப்புக்காற்று (பாம்பன்)

அது இதனால்தானா என்று தெரியாது அண்ணே. சனிக்கிழமை வந்து பார்க்கிறேன்.

தொண்டிமுனை

கடைசியாக ஒன்று. இமேஜ் கட்டுவது, ஜிபிஐஓ பார்ப்பது, கான்ஃபிக்எஃப்எஸ் ஸ்கிரிப்ட், எக்ஸ்ட்4, மேலே ஒரு கெர்னல். இத்தனையும் 20 எம்பி எழுத்துக்கு. டைனியூஎஸ்பியில் படிக்க மட்டும் என்று ஒரு ஃபேட்டை ஓடும்போதே கற்பனையாகக் காட்டலாம், இமேஜே கட்ட வேண்டாம், படிக்கக் கேட்கும் பிளாக்கை அந்த நொடியில் உருவாக்கிக் கொடுத்தால் போதும். நான் ஒன்று செய்து தொண்டியில் என் மாமா படகில் மாட்டுகிறேன், அடுத்த தடைக்காலத்தில் இரண்டு பெட்டியையும் திறந்து பார்ப்போம்.

கீழக்கரை_காக்கா

செய் தம்பி. கரன்ட் பிடுங்கும் சோதனையில் நீ ஜெயிப்பாய் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் நாளைக்கு சம்மாட்டி 'எக்கோ சவுண்டரையும் இதில் சேர்த்துவிடு, விஎச்எஃப்பையும் சேர்த்துவிடு' என்று கேட்கும்போது எங்களிடம் ஒரு ஃபங்ஷன் லிங்க் கூடும், நீ ராத்திரி முழுக்க டிஸ்கிரிப்டர் (டிவைஸ் தன்னை ஹோஸ்டிடம் அறிமுகப்படுத்தும் பட்டியல்) எழுதிக்கொண்டிருப்பாய்.

கடைக்காரன்77 (ராமேஸ்வரம்)

எல்லாம் சரி, இனிமேல் ஃபார்மேட் செய்யவா என்று கேட்குமா, கேட்காதா?

உப்புக்காற்று (பாம்பன்)

கேட்காது அண்ணே. கேட்டு, பையன் 'ஆம்' என்று அழுத்தினாலும் எழுத முடியாது என்று லேப்டாப்தான் திட்டு வாங்கும்.