பழைய டூரிங் சைக்கிள்ல முன் ரேக் மாட்டுறது எப்படி?

கேள்வி: பழைய ட்ரெக் 520 ஒண்ணு கிடைச்சுது, ஸ்டீல் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கிற கவை), கேன்டிலீவர் பிரேக் (சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் தனித்தனி கை இருக்குற பிரேக்), முன்னாடி பேக் வைக்க சின்ன ரேக் போடணும், வெல்டிங் எதுவும் பண்ணாம முடியுமா?

பெடல்பாண்டி: தாராளமா. பிரேக் மாட்டியிருக்க ரெண்டு ஸ்டட்லயும் (ஃபோர்க்ல நீட்டிட்டு இருக்குற முளை) எம்6, அதாவது 6 மி.மீ. போல்ட் இருக்கும்ல, அதைக் கழட்டிட்டு கொஞ்சம் நீள போல்ட் போட்டு ரேக் காலையும் சேர்த்து முடுக்கிடுங்க, மூணாவது கால் ஃபோர்க் கிரவுன் (ஃபோர்க்கோட ரெண்டு காலும் மேல சேர்ற இடம்) ஓட்டைக்கு. நிட்டோ கம்பெனியோட எம்12ங்கிற முன் ரேக் இப்படித்தான் உக்காரும்.

ஊர்சுத்தி: போல்ட்ல நீல லாக்டைட் (மரை லூஸாகாம பிடிச்சுக்கிற பசை) ஒரு சொட்டு விட மறக்காதீங்க. எனக்கு ஒருதடவை இறக்கத்துல போல்ட் லூஸாகி ரேக் டயர்ல உரசுச்சு, உயிரே போயிடுச்சு! டயருக்கு மேல ஒரு விரல் இடைவெளி விடுங்க. வெயிட்டு ரெண்டு மூணு கிலோ போதும், ஏத்துனா ஹேண்டில் ஒரு பக்கமா இழுக்கும்.

கேட்டவர்: கிரவுன்ல ஓட்டை இருக்குங்க, இப்பதான் டார்ச் அடிச்சுப் பாத்தேன், உள்ள ஒரே துரு 😀