1918 ஒரு ரூபாய்: இரட்டை எழுத்து அச்சுப் பிழையா, அடிக்கும்போது நழுவியதா?

வணக்கம். ஆச்சியின் பெட்டியில் இருந்த ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்று, ஆண்டு 1918. ‘ருபீ’ என்ற சொல்லும் 1918-இன் கடைசி 8-உம் இரட்டையாகத் தெரிகின்றன. ஒரு மாதமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன்.

காரைக்குடியில் நகைக்கடைத் தராசில் நிறுத்தேன்: 11.48 கிராம். இருக்க வேண்டியது 11.66. குறுக்களவு 30.5 மி.மீ., காந்தம் ஒட்டவில்லை, விளிம்புப் பல் சுற்றிலும் ஒழுங்காக இருக்கிறது. ஆக, போலி என்ற சந்தேகம் எனக்கில்லை. தேதிக்குக் கீழே உள்ள பூவடியில் பம்பாய் நாணயச்சாலையின் அடையாளப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தேன், அந்த இடம் மழுங்கிவிட்டது.

அரசரின் அங்கியில் யானை வெறும் மேடாக நிற்கிறது. கிரீடத்துக் கற்களில் பாதி இல்லை. போதாக்குறைக்கு, பளபளக்கட்டும் என்று அத்தை விபூதி போட்டுத் தேய்த்துவிட்டார்! சாய்த்துப் பார்த்தால் மெல்லிய கீறல்கள். காசின் தரத்தை ஒரு வியாபாரி ‘வெரி ஃபைன்’ (ஓரளவே தேய்ந்தது) என்றார், இன்னொருவர் அதற்கும் கீழான ‘ஃபைன்’கூடத் தேறாது என்றார்.

பத்து மடங்கு லென்சில் பார்த்தால், இரண்டாவது கோடு தட்டையாக, படிக்கட்டு போல எழுத்தின் ஒரே பக்கத்தில் தாழ்ந்து கிடக்கிறது. காசை அடிக்கும் அச்சே இரட்டையாக வெட்டப்பட்டிருந்தால் இரண்டும் மேடாக, முனையில் பிளவோடு இருக்கும் என்று படித்தேன். ஆனால் இவ்வளவு தேய்ந்த காசில் அந்த மேடும் தட்டையாகியிருக்கலாம் அல்லவா?

படங்கள் கீழே. இது அச்சிலேயே இருந்த பிழையா, அடிக்கும்போது அச்சு நழுவியதா? எதை வைத்து உறுதி செய்வது?