ஆறே ஆறு இடம்: ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலைப் பக்கத்தில் இருந்து பார்த்தோம்

மால்ட்டாவிலிருந்து:

இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். 2024 ஜூன் 8 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. எனக்கு ஓட்டு கிடையாது. நான் பார்த்துக்கொள்ளும் நன்னாவுக்கு உண்டு. பாட்டியை இங்கே நன்னா என்றுதான் கூப்பிடுவார்கள்.

வாக்காளர் ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து அதை ஜெபமாலைப் பையில்தான் வைத்திருந்தார். அவருக்குக் கை நடுக்கம் அதிகம். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 1, 2, 3 என்று எழுதி எழுதிப் பழகினார். 1 கோணிக்கொண்டு 7 மாதிரி விழுந்தால் உடனே அடித்துவிட்டுப் பக்கத்தில் மறுபடி எழுதுவார்.

"ஒரு பெருக்கல் குறி போட்டால் போதாதா நன்னா?" என்று கேட்டேன்.

"இங்கே நம்பர்தான் போடணும் மகளே. என் 1 தோத்துட்டா ஓட்டு 2-க்குப் போகும். தேவைக்கு மேல வாங்கி ஜெயிச்சாலும் மிச்சம் 2-க்குப் போகும். அதனால 2-ஐயும் யோசிச்சுத்தான் போடணும்."

எண்ணிக்கை நடந்தபோதுதான் அவர் சொன்னது எனக்கு முழுசாக விளங்கியது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் மால்ட்டாவுக்கு உள்ள 6 இடத்துக்கு, செல்லுபடியான ஓட்டுகளை 7-ஆல் வகுத்து ஒன்று கூட்டுவார்கள். அவ்வளவு வாங்கினால் வெற்றி. அந்தத் தடவை ஏறக்குறைய 37,000. தேசியவாதக் கட்சி வேட்பாளர் ரொபெர்ட்டா மெட்சோலாவுக்கு முதல் விருப்பமாக, அதாவது 1 என்று, மட்டுமே 87,000-க்கு மேல் விழுந்தது. மிஞ்சிய 50,000 பெரும்பாலும் அவர் கட்சியின் மற்ற வேட்பாளர்களுக்குப் போனது. கடைசியில் லேபர் கட்சிக்கு 3, தேசியவாதக் கட்சிக்கு 3.

ஓட்டுப் போடும் அறை வாசல் வரை சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். வெளியே வந்ததும் வலது கையை என் முன்னால் நீட்டி, "நடுங்கலை" என்றார். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவே இல்லை.

லக்சம்பர்க்கிலிருந்து:

அக்கா, எங்களுக்கும் 6 இடம்தான். குடியுரிமை வாங்கிய பிறகு 2024 ஜூன் 9-இல் முதல்முறையாகப் போட்டேன். இங்கே 75 வயது வரை ஓட்டுப் போடுவது கட்டாயம். ஆளுக்கு 6 ஓட்டு. ஒரு கட்சிப் பட்டியலின் மேலே உள்ள வட்டத்தை நிரப்பினால் அதிலுள்ள ஆறு பேருக்கும் ஒவ்வொன்று போய்விடும். வேண்டாம் என்றால் பல கட்சிகளுக்குப் பிரித்துத் தரலாம். ஒருவருக்கு அதிகபட்சம் 2. நான் பிரித்துத்தான் போட்டேன். ஒன்று கூடினாலும் சீட்டு செல்லாமல் போய்விடுமே என்று மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன், நெஞ்சு படபடவென்று அடித்தது. பக்கத்து வீட்டுப் போர்ச்சுகல் அம்மாவும் முன்கூட்டியே பதிந்துகொண்டு இங்கேயே போட்டார். ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக் குடிமக்கள் அப்படிப் போடலாம். ஆனாலும் ஒரு கேள்வி அக்கா: 720 பேர் உட்காரும் மன்றத்தில் ஜெர்மனிக்கு 96. நம் ஆறு பேர் சொல்வது யார் காதில் விழும்?

மால்ட்டாவிலிருந்து:

தம்பி, ஒரு நாட்டுக்கு 6-க்குக் குறையக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஐந்தரை லட்சம் பேர் உள்ள மால்ட்டாவுக்கு, ஆள்கணக்கைப் பார்த்தால் அது கூடுதல் இடம்தான்; அது சரி என்றே நான் நினைக்கிறேன். ஜூலை 16 அன்று அந்த மன்றம் மெட்சோலாவை 562 ஓட்டில் மறுபடியும் தலைவராக்கியது. நன்னா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, டிவி சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.